மூன்று முறை பேரிங் மாற்றிய பிறகு: ஒரு பழைய இழைப்பு எந்திரத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள மரப்பட்டறையில் 2021 மார்ச் முதல் 2024 ஆகஸ்ட் வரை நடந்தவற்றை இக்குறிப்பு பதிவு செய்கிறது. பட்டறையில் உரிமையாளரையும் சேர்த்து ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். நிலை, கதவு, ஜன்னல் சட்டம் ஆகியவையே முக்கால் பங்கு வேலை. கட்டில், மேசை எப்போதாவது வரும். செங்கோட்டை மரக்கடைகளில் கிடைக்கும் தேக்கும் வேங்கையும், தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் அயல்நாட்டு மரமும், வாடிக்கையாளர்கள் தம் தோட்டத்திலிருந்து கொண்டுவரும் வேம்பும் இங்கே அறுபட்டு இழைபடுகின்றன. இதை எழுதும் நான் உரிமையாளரின் உறவினன். ஒரு பாலிடெக்னிக் கல்லூரியின் எந்திரப் பட்டறையில் பயிற்றுநராக இருக்கிறேன். இந்நிகழ்வில் எடுக்கப்பட்ட தவறான முடிவுகளில் ஒன்று என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

பேசப்படும் எந்திரம், கையால் மரத்தைத் தள்ளி இழைக்கும் 12 அங்குல அகலமுள்ள பிளேனர். உரிமையாளரின் தந்தை 1994-இல் வாங்கியது. வார்ப்பிரும்பு உடம்பு, இரண்டு மேசையும் சேர்ந்து ஐந்தடி நீளம், எடை ஏறத்தாழ 430 கிலோ. மூன்று கத்திகள் பூட்டிய உருண்டையான கட்டர் பிளாக் இருபுறமும் 6207 எண் பேரிங்குகளில் சுழல்கிறது. நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடும் 3 குதிரைத்திறன் மோட்டாரில் 6 அங்குலப் புல்லியும், பிளாக்கின் முனையில் 4 அங்குலப் புல்லியும் இருப்பதால், பிளாக் கணக்குப்படி நிமிடத்துக்கு 4,320 சுற்று ஓடும்.

இத்தொழிலில் நாள் தவறுவது என்ன விளைவைத் தரும் என்பதை வெளியார் எளிதில் உணர்வதில்லை. வாசல் நிலை வைப்பதற்கு நல்ல நாளும் நேரமும் குறித்துத்தான் நிலையைக் கேட்பார்கள். அந்த நேரத்துக்கு நிலை போய்ச் சேராவிட்டால் அந்த வீட்டின் வேலை மட்டுமன்றி, அந்தத் தெருவின் அடுத்த நான்கு வீட்டு வேலையும் கைவிட்டுப் போகும். மறுபுறம், ஆடி மாதத்தில் புதுமனை புகுவிழா கிடையாது. பட்டறை பாதி ஓய்ந்திருக்கும். இந்த இரண்டும் பின்னால் எடுத்த முடிவைப் பெரிதும் தீர்மானித்தன.

முதல் அறிகுறிகள்: 2021 மார்ச் முதல் 2022 மே வரை

2021 மார்ச்சில் பிளேனரிலிருந்து இரைச்சல் வரவே, உள்ளூர் மெக்கானிக் இரண்டு பேரிங்குகளையும் மாற்றினார். அதற்கு முன் ஒரு ஜோடி பேரிங் நான்கைந்து ஆண்டுகள் உழைத்திருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஏழு மாதம் கழித்து, அக்டோபரில், புல்லி இருக்கும் பக்கத்தில் சூடு கண்டது. மறுபடி இரண்டும் மாற்றப்பட்டன. டிசம்பரில் மோட்டார் காயில் எரிந்து ரீவைண்டிங் செய்யப்பட்டது. 2022 மார்ச்சில் மூன்றாம் முறையாகப் பேரிங் மாற்றப்பட்டது. ஏழு மாதம் என்பது ஐந்து மாதமாகச் சுருங்கியதை அப்போது எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இதே காலத்தில் இழைத்த பலகையின் முகத்தில் குறுக்கே வரிவரியாக அலைத்தடம் விழத் தொடங்கியது. கத்தி நழுவுகிறது என்று பட்டறையில் முடிவு செய்தார்கள். ஆகவே கத்தியைப் பிடிக்கும் போல்ட்டுகளை ஒவ்வொரு முறையும் முன்னைவிட இறுக்கினார்கள். கடைசியில் ஸ்பேனரின் முனையில் ஓரடி பைப்பை மாட்டி இறுக்கும் அளவுக்குப் போனது. இந்தப் பைப்பைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

2022 வைகாசியில் ஒரு வீட்டுக்கு வேங்கை மரத்தில் தலைவாசல் நிலை செய்ய வேண்டியிருந்தது. வேங்கை உறுதியான மரம். தேக்கு மறைப்பதுபோல எந்திரத்தின் குறையை அது மறைக்காது. நிலையின் கால்களில் அலைத்தடம் நகம் தட்டும் அளவுக்கு விழுந்தது. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு இரண்டு பேர் உட்கார்ந்து கை இழைப்புளியால் நான்கு முகத்தையும் இழைத்து முடித்தார்கள். மறுநாள் உரிமையாளர் என்னை அழைத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: இதைச் சரிசெய்வதா, இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா?

எந்திரத்தைப் பார்த்தபோது தெரிந்தவை: 2022 ஜூன்

கழற்றுவதற்கு முன் ஓடவிட்டுப் பார்ப்பது என்று தொடங்கினோம். இரண்டு மீட்டர் பலகை ஒன்றை இருபது வினாடியில் ஒரே சீராகத் தள்ளச் சொன்னேன். அதாவது நிமிடத்துக்கு ஆறு மீட்டர். பிளாக் ஒருமுறை சுற்றுவதற்குள் பலகை ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் நகரும். மூன்று கத்தியும் ஒழுங்காக வெட்டினால் அலைகளுக்கிடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அலைகள் விழ வேண்டும். பலகையைச் சாய்வெளிச்சத்தில் வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்து எண்ணினோம். 36-க்கும் 38-க்கும் இடையில் இருந்தது. மூன்று கத்திகளில் ஒன்றுதான் முகத்தை முடிக்கிறது, மற்ற இரண்டும் பின்தங்கி நிற்கின்றன என்பது ஒரு ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிட்டது.

கத்திகளின் உயரம் தவறாக இருக்கலாம் என்பது அடுத்த எண்ணம். மரம் வெளியேறும் பக்கத்துப் பின்மேசையின் மீது நேரான குச்சி ஒன்றை வைத்து, பிளாக்கைக் கையால் மெல்லச் சுழற்றினால், கத்தி குச்சியைத் தொட்டுச் சற்று முன்னே இழுத்துவிட்டுப் போகும்; மூன்று கத்தியும் ஒரே அளவு இழுத்தால் உயரம் சமம். மூன்றும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் இழுத்தன. குறை எதுவும் இல்லை. நின்றிருக்கும்போது சமமாக இருந்த கத்திகள் ஓடும்போது சமமாக இல்லை என்றால், ஓடும்போது பிளாக்கே இடம் மாறுகிறது என்றுதான் பொருள்.

கழற்றிய பிறகு காரணம் வெளிப்பட்டது. 35 மில்லிமீட்டர் துளையுள்ள பேரிங்கைச் சரியான இறுக்கத்தில் பிடிக்க, பிளாக்கின் அச்சுத்தண்டான ஷாஃப்ட் 35 மில்லிமீட்டரைவிட ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஓரிரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் புல்லிப் பக்கம் 34.91 மில்லிமீட்டர் காட்டியது, மறுபக்கம் 34.98. புல்லிப் பக்கத்தில் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலாமல் அதன் மீதே வழுக்கிச் சுற்றியிருக்கிறது. அந்த இடம் முழுவதும் சென்டர் பஞ்சால் குத்திய புள்ளிகள். தளர்ந்த ஷாஃப்ட்டில் பஞ்ச் அடித்தால் குழியின் விளிம்பு மேலெழும்பி, பேரிங் இறுகியது போலத் தோன்றும். ஓடத் தொடங்கிய சில வாரங்களில் அந்த விளிம்புகள் நசுங்கி, முன்னைவிட மோசமாகத் தளரும். மூன்று முறையும் மெக்கானிக் இதைத்தான் செய்திருக்கிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பேரிங் மாற்றும் கூலிக்கு அழைக்கப்பட்டவர் பேரிங்கை மாற்றினார். ஷாஃப்ட்டை அளந்து பார்க்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மேசைகளைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு மோசமாக இல்லை. நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் பார்த்ததில், முன்மேசையில் பிளாக்கை ஒட்டிய வாயோரத்தில் 0.2 மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தது. பின்மேசை அநேகமாக நேர். உடம்பில் விரிசலோ, பற்றவைத்த தடமோ இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை யாரோ உச்ச அளவுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். மோட்டாரின் தகட்டில் 4.6 ஆம்பியர் என்று இருக்க, வேங்கையை இழைக்கும்போது 6.1 ஆம்பியர் இழுத்தது. டிசம்பரில் காயில் எரிந்த காரணம் இதுவே என்று கொள்ளலாம்.

யாரும் கூட்டிப் பார்க்காத கணக்கு

பதினான்கு மாதச் செலவு மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது: கம்பியில் குத்திய ரசீதுகள், உரிமையாளரின் கைக்குறிப்பேடு, அவருடைய நினைவு. பேரிங் மூன்று முறை 4,200 ரூபாய், மெக்கானிக் கூலி 2,400, ரீவைண்டிங் 4,800, பெல்ட் 1,300. எந்திரம் நின்ற பதினொரு நாள் வேறொரு பட்டறைக்கு மரத்தை ஏற்றிச் சென்று இழைத்த வகையில் வண்டிச் செலவும் கூலியும் நாளொன்றுக்கு 900 வீதம் 9,900. ஆக 22,600 ரூபாய். ஒவ்வொரு முறையும் சிறு தொகையாகவே போனதால் இந்த மொத்தத்தைக் கேட்டதும் உரிமையாளர் நம்பவில்லை. ரசீதுகளை எடுத்து மறுபடி கூட்டினார். வந்தது அதே தொகைதான்.

என் முதல் முடிவும் அது கைவிடப்பட்ட விதமும்

நோய் ஷாஃப்ட்டின் தேய்மானம் என்று கண்டபின், மருந்தும் ஷாஃப்ட்டோடு முடியும் என்று நினைத்தேன். தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து மறுபடி கடைவதை நான் ஏற்கவில்லை. சூட்டில் ஷாஃப்ட் வளையலாம், தோள்பட்டை போன்ற திருப்பத்தில் விரிசல் தொடங்கலாம். அதற்கு மாற்றாக, இருமுனையையும் 30 மில்லிமீட்டருக்குக் கடைந்து, 6206 பேரிங் போட்டு, பேரிங் அமரும் கூடான ஹவுசிங்கின் 72 மில்லிமீட்டர் துளைக்குள் புஷ் என்னும் உலோக வளையத்தை இறக்கி 62 மில்லிமீட்டராக்குவது என்று எழுதிக் கொடுத்தேன். ஷாஃப்ட்டின் வளைவு வலிமை 63 சதவீதமாகக் குறையும் என்று கணக்குப் போட்டு, அது போதும் என்றும் முடிவு செய்திருந்தேன். செலவு 6,500 ரூபாய். உரிமையாளர் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார்.

பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஐம்பது ஆண்டுகளாகக் கடைசல் வேலை செய்யும் பெரியவர், ஷாஃப்ட்டைப் பார்ப்பதற்கு முன் பிளாக்கின் கத்திப் பள்ளங்களைத் துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தூவினார். இரண்டு போல்ட் துளைகளின் ஓரத்தில் ஈரக்கோடு மெல்ல எழும்பியது. “தம்பி, ஷாஃப்ட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் இந்தக் கட்டையைப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். கல்லூரியில் ஊடுருவு சாயம் வைத்துச் சோதித்தபோது இரண்டும் விரிசல்களே என்பது உறுதியாயிற்று. நீளமானது 11 மில்லிமீட்டர். இரண்டு துளைகளில் மரையும் இழுபட்டிருந்தது. ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கியதே இதற்குக் காரணம் என்று கருத வலுவான இடமுண்டு. தளர்ந்தது ஷாஃப்ட், அதைக் கத்தி நழுவல் என்று தவறாகக் கணித்து இறுக்கியதில் உடைந்துகொண்டிருந்தது பிளாக்.

அந்த விரிசல் எவ்வளவு ஆபத்தானது என்பதை உரிமையாளருக்கு ஒரு கணக்கால் விளக்கினேன். ஒரு கத்தியின் எடை 210 கிராம். அதன் எடைமையம் சுழல் அச்சிலிருந்து ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. நிமிடத்துக்கு 4,320 சுற்றில் அந்தக் கத்தியை வெளியே பிடுங்கும் விசை 170 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். கத்தியை அழுத்தும் கட்டையின் எடை இதில் சேரவில்லை. மூன்று மூட்டைச் சிமெண்ட்டைத் தொங்கவிடும் அளவு விசையை, விரிசல் விட்ட துளையில் மரை இழுபட்ட போல்ட் ஒன்று, ஆள் நிற்கும் இடத்திலிருந்து இரண்டடி தூரத்தில் தாங்கிக்கொண்டிருந்தது.

என் 6,500 ரூபாய் யோசனை அன்றே கைவிடப்பட்டது. புதிய எந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல் பழுதுச் செலவு போனால் புதிது வாங்கு, குறைந்தால் பழுது பார் என்று பட்டறைகளில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. அந்தக் கணக்கின்படி 6,500 ரூபாய் யோசனை எல்லாவற்றிலும் சிறந்தது. அது புதிய எந்திர விலையில் ஆறு சதவீதம்தான். அதாவது மிகவும் ஆபத்தான வழியைத்தான் அந்தக் கணக்கு மிகவும் உவந்து பரிந்துரைத்திருக்கும்.

எதிரே இருந்த வழிகள்

விரிசல் கண்டதும் உரிமையாளரின் மனம் புது எந்திரத்தின் பக்கம் சாய்ந்தது, அது இயல்பே. நான்கு வழிகளை ஆராய்ந்தோம்.

அருகிலுள்ள ஊரில் மூடப்பட்ட பட்டறை ஒன்றின் பழைய பிளேனர் 60,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மோட்டார் நன்றாக இருந்தது, மேசை எங்களுடையதைவிட நீளம். ஆனால் அதில் இருந்தது சதுர பிளாக். சதுர பிளாக்கில் மேசைக்கும் பிளாக்குக்கும் இடையே பெரிய இடைவெளி திறந்து திறந்து மூடும். மரம் சற்றுத் தூக்கினால் விரல் உள்ளே போகும், உருண்டை பிளாக்கில் நுனி சீவப்படும் இடத்தில் இதில் விரலே போய்விடும். கையால் தள்ளும் பிளேனரில் உருளை வடிவ பிளாக்தான் இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் 1922-ஆம் ஆண்டு மர எந்திர விதிகளே கட்டளையிட்டன. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளும் அதையே பின்பற்றின. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. ஆனால் விரல்கள் அந்த வரம்பைப் பார்ப்பதில்லை. அதை விட்டுவிட்டோம்.

அதே 12 அங்குல அகலத்தில் புதிய எந்திரம் 95,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 17,100, பட்டறை ஜி.எஸ்.டி. பதிவில் இல்லாததால் அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை. வண்டி வாடகை 6,500. ஆக 1,18,600. பழைய எந்திரத்தை எடைக்குப் போட்டால் கிலோ 35 ரூபாய் வீதம் 15,000 ரூபாய் வரும். புதிய எந்திரத்தின் எடை 280 கிலோ; மேசை நாலடி. ஏழடி நிலைக்கால்களை இழைக்கும் பட்டறைக்கு மேசை ஓரடி குறைவது சிறிய விஷயமன்று. எடை குறைவு என்பதால் மட்டும் ஓர் எந்திரத்தை இழிவாகச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் கனமான வேங்கைக் கட்டையைத் தள்ளும்போது அதிர்வை விழுங்குவது வார்ப்பிரும்பின் எடைதான்.

கனமான புதிய எந்திரம் வரியோடு 2,47,800 ரூபாய். அதற்கு 5 குதிரைத்திறன் மோட்டார். மின்வாரியத்தில் மின்பளுவைக் கூட்டி வாங்க வேண்டும். எந்திரம் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரமே உண்மையில் மரத்தைத் தொடுகிறது என்று குறிப்பேட்டிலிருந்து தெரிந்ததும், உரிமையாளர் தாமாகவே அந்த விலைப்பட்டியலை மடித்து வைத்துவிட்டார்.

நான்காவது வழி, பிளாக்கை மட்டும் புதிதாகச் செய்வது. கோயம்புத்தூரில் உள்ள எந்திரப் பட்டறை ஒன்று, ஷாஃப்ட்டும் பிளாக்கும் ஒரே எஃகில் கடைந்து, சுழலவிட்டு எடையைச் சமன்செய்யும் டைனமிக் பேலன்சிங்கும் செய்து 21,000 ரூபாய்க்குத் தர முன்வந்தது. கத்தி 2,700, பேரிங் 1,400, ஹவுசிங் சீரமைப்பு 3,500, புல்லியும் பெல்ட்டும் 1,900, கைக்காப்பு 2,200, கூலியும் போக்குவரத்தும் 4,500. மொத்தம் 37,200.

பட்டறையின் இளைய தொழிலாளி புது எந்திரம்தான் வேண்டும் என்று வாதிட்டார். அவருடைய காரணங்களை இங்கே பதிவு செய்ய வேண்டும், ஏனெனில் அவற்றுக்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. புது எந்திரத்தில் தூசி உறிஞ்சும் குழாய்க்கு வாய் இருக்கிறது. அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கிறது. நாளெல்லாம் தூசியை மூச்சில் இழுப்பவர் அவர், உரிமையாளரோ நானோ அல்லர். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. “அண்ணாச்சி, அப்பா வாங்கிய மெஷின்னு பார்க்காதீங்க” என்றும் அவர் சொன்னார். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் சந்தனப் பொட்டு வைக்கப்படும் எந்திரம் அது. உரிமையாளரின் மனத்தில் அந்த எண்ணம் இல்லை என்று சொன்னால் பொய்யாகும்.

முடிவும் காரணங்களும்

நான்காவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. உரிமையாளர் கேட்ட கேள்வி எந்திரம் முழுவதையும் ஒரே பொருளாகக் கருதி எழுந்தது. ஆனால் உடம்பும் மேசையும் இன்னும் இருபது ஆண்டு தாங்கும் நிலையில் இருந்தன. மோட்டாருக்குப் புது ரிலே போதும். பிளாக் ஒரு நாள்கூட ஓடத் தகுதியற்றதாக இருந்தது. ஆகவே உடம்பைப் பொறுத்தவரை பழுது, பிளாக்கைப் பொறுத்தவரை மாற்றம் என்று கேள்வியைப் பிரித்ததும் விடை எளிதாயிற்று. பேரிங்கும் கத்தியும் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொது அளவுகள் என்பதும் முக்கியமான காரணம். உடம்பில் விரிசல் இருந்திருந்தாலோ, ஹவுசிங் உடம்போடு சேர்த்தே வார்க்கப்பட்டு உடைந்திருந்தாலோ நான் புது எந்திரத்தையே சொல்லியிருப்பேன்.

மேசை வாயோரத் தேய்மானத்தைச் சரிசெய்வது 9,000 ரூபாய் என்பதால் அப்போதைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தூசி உறிஞ்சும் ஏற்பாடும் தள்ளிவைக்கப்பட்டது. முதலாவது பொறுக்கக்கூடிய ஒத்திவைப்பு. இரண்டாவது அப்படியன்று என்று இப்போது நினைக்கிறேன்.

வேலை நடந்த விதம்: 2022 ஆடி

ஆடி பிறந்த மறுநாள், ஜூலை 18 அன்று, எந்திரம் நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு நாளில் வரும் என்று சொன்ன பிளாக் இருபத்து மூன்று நாள் கழித்தே வந்தது. எஃகு கிடைக்கவில்லை, பேலன்சிங் எந்திரம் ஓய்வில்லை என்று காரணங்கள் வந்தன. அவை உண்மையாகவே இருக்கலாம். ஆவணி முகூர்த்தங்களுக்கான நிலைகள் அடுக்கத் தொடங்கியதால் பதினான்கு நாள் வெளியே இழைக்க நேர்ந்தது. அதற்கு 12,600 ரூபாய்.

பிளாக் வந்த பிறகும் ஒரு தடங்கல். உள்ளூரில் புஷ் இறக்கிய இரண்டு ஹவுசிங்குகளும் ஒரே அச்சில் இல்லை, 0.12 மில்லிமீட்டர் விலகல் இருந்தது. பூட்டி இறுக்கியதும் பிளாக் கையால் சுற்ற முடியாதபடி இறுகியது. இந்த நிலையில் ஓடவிட்டிருந்தால் புது பேரிங்குகள் பழையவற்றின் வழியே போயிருக்கும். மறுபடி கடைய 3,100 ரூபாய். ஸ்டார்ட்டரும் ரிலேயும் புதிதாக மாற்ற 4,000. ஆக 37,200 என்ற மதிப்பீடு 44,300-இல் முடிந்தது.

கத்திகளைப் பூட்டுவதற்கு முன் அவற்றையும் அவற்றின் அழுத்துகட்டைகளையும் தெரிந்த நகைக்கடை ஒன்றின் தராசில் எடைபோட்டோம். ஒரு கிராம் வேறுபாடு இருந்தால்கூட இந்த வேகத்தில் 800 கிராமுக்கு மேற்பட்ட இழுவை ஒரு பக்கமாக, வினாடிக்கு 72 முறை, பேரிங்கை உலுக்கும். ஒரு கத்தி மற்றவற்றைவிட மூன்று கிராம் கூடுதலாக இருந்தது. அதன் முதுகை அரைத்துச் சமமாக்கினோம். போல்ட்டுகளைக் கைப்பலத்தில் சாதாரண ஸ்பேனரால் மட்டும் இறுக்குவது என்று விதி செய்து, அந்த ஓரடி பைப்பைப் பட்டறையிலிருந்தே அகற்றினோம்.

அதன் பின்

ஆகஸ்ட் 16 அன்று எந்திரம் ஓடியது. அதே இரண்டு மீட்டர் பலகை, அதே இருபது வினாடி. 50 மில்லிமீட்டரில் 72 அலைகள். அதாவது இரண்டு கத்தி வெட்டுகிறது, ஒன்று இன்னும் பின்தங்கியிருக்கிறது. குச்சி வைத்து மறுபடி உயரம் சரிசெய்ததும் அலைகள் கண்ணால் எண்ண முடியாத நெருக்கத்துக்கு வந்தன. வேங்கையில் மின்னோட்டம் 4.2 ஆம்பியராகக் குறைந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் பேரிங் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. ஆனால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத முடியாது. முன்மேசையின் தேய்மானம் ஏழடி கதவுச் சட்டங்களில் தன்னைக் காட்டியது: இரண்டு சட்டங்களை முகத்தோடு முகம் சேர்த்தால் நடுவில் மெல்லிய வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு கதவுக்கும் கை இழைப்புளியால் பத்து நிமிடம் திருத்த வேண்டியிருந்தது. 2024 ஆடியில் மேசையை எடுத்துச் சென்று அரைத்துச் சமன் செய்தார்கள். இதற்குள் அதன் செலவு 11,000 ஆகியிருந்தது. பழுது, மேசை, வெளிவேலை மூன்றும் சேர்ந்து மொத்தம் 67,900 ரூபாய். புது எந்திரத்துக்கு ஆகியிருக்கக்கூடிய தொகையைவிட இது குறைவுதான். ஆனால் நாங்கள் முதலில் சொல்லிக்கொண்ட 37,200-க்கு வெகு தூரம்.

இளைய தொழிலாளி 2023 இறுதியில் வேறொரு பட்டறைக்குப் போய்விட்டார். தூசி அதற்கு ஒரு காரணம் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிளாக்குக்குக் கீழே தகட்டுக் கூம்பு அமைத்து உறிஞ்சும் விசிறி பொருத்தும் வேலை 2024 ஆகஸ்டில்தான் நடந்தது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

இரண்டாம் முறை பேரிங் போனபோதே ஷாஃப்ட்டை அளந்திருக்க வேண்டும். ஒரு மைக்ரோமீட்டரும் ஐந்து நிமிடமும் போதுமானவை. இதை முன்கூட்டியே செய்திருந்தால் பைப் வந்திருக்காது. பைப் வராவிட்டால் பிளாக் விரிசல் விட்டிருக்காது. உண்மையாகவே 6,500 ரூபாயில் வேலை முடிந்திருக்கக்கூடும்.

சுழலும் உறுப்பு எதையும் பழுதுபார்க்க ஒப்புக்கொள்ளும் முன் விரிசல் சோதனை செய்வது என் பக்கத்தில் நான் மாற்றிக்கொண்ட பழக்கம். சாயம் வாங்க முடியாவிட்டால் மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் எங்கும் கிடைக்கும். பெரியவரின் கை அதைத் தானாகச் செய்தது; என் படிப்பு எனக்கு அதை நினைவூட்டவில்லை.

வெளியூர் பட்டறை சொல்லும் நாளை இரண்டால் பெருக்கிக்கொண்டு, பிளாக்கை ஆனியிலேயே சொல்லியிருந்தால் 12,600 ரூபாய் வெளிவேலையில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். பழைய பிளாக்கின் அளவுகள் கையில் இருந்தன. எந்திரத்தை நிறுத்தும் வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. மேசை வேலையையும் அதே ஓய்வில் முடித்திருக்க வேண்டும். கழற்றிய எந்திரத்தை இரண்டாம் முறை கழற்றுவது இரட்டைக் கூலி. தொழிலாளியின் காரணங்களை எந்திரத் தேர்விலிருந்து பிரித்துத் தனியே எடுத்திருந்தால், பழைய எந்திரத்தை வைத்துக்கொண்டே தூசிக்கு வழி செய்திருக்க முடியும் என்பதும் எங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

செலவுகளை இப்போது எந்திரத்தின் பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஒற்றை நோட்டில் எழுதுகிறார்கள்: நாள், என்ன செய்தது, எவ்வளவு, எத்தனை மணி நேரம் நின்றது. வேறு எதுவும் எழுதுவதில்லை.

கழற்றிய பழைய பிளாக் ஓராண்டு பட்டறை மூலையில் கிடந்தது. 2023-இல் பக்கத்து ஊர் பட்டறைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தம் எந்திரத்துக்குப் பொருந்தும் என்று 3,000 ரூபாய்க்குக் கேட்டார். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் பூசியிருந்ததால் பிளாக் புதிதுபோல இருந்தது. உரிமையாளர் அன்று மாலையே அதைக் கேஸ் கட்டரால் நடுவில் இரண்டாக அறுக்கச் செய்து, எடைக்குப் போட்டார்.